நீலவாலுக்குப் பின்னால்

முதலில் சாருஜாவின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே அவனுடைய பெயர்.

கேதீஸ்வரன் விமானக் கொட்டகையின் வாசலில் நின்று சுவரில் ஒட்டியிருந்த அன்றைய பறப்பு ஒழுங்கை இன்னொருமுறை வாசித்தான். இரண்டு விமானங்கள் சோடியாகப் போகவேண்டும். மயிலிட்டிக் கடலுக்கு மேலே ஏறி, தீவுகளைச் சுற்றிவிட்டுத் திரும்பவேண்டும். முன்னால் போவது நீலவால், ஓட்டுபவர் சாருஜா. பின்னால் போவது சிவப்புவால், ஓட்டுபவர் கேதீஸ்வரன். தலைமைப் பயிற்றுநர் சிவகௌரியின் கையெழுத்து அச்சுப்போல இருக்கும். பிழை பிடிக்க வழியில்லை.

வடமுனைப் பறப்புப் பள்ளி என்று பெயர்தான் பெரிசு. விமான நிலையத்தின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை, ஒற்றை எஞ்சின் பூட்டிய இரண்டு சின்ன விமானங்கள், ஒரு தலைமைப் பயிற்றுநர், ஐந்தாறு மாணவர்கள். அதில் முதலாவதாகச் சேர்ந்தவன் கேதீஸ்வரன். சோடியாகப் போகிற நாட்களில் முன்னால் போவது எப்போதும் அவன்தான். அப்படி ஒரு சட்டம் எங்கும் இல்லை. ஆனால் நடந்துவந்தது அப்படித்தான்.

"என்ன அண்ணை, இண்டைக்கு வாலிலையோ?"

திருத்துநர் ஜஸ்ரின் எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"உன்ரை வேலையைப் பார்."

"என்ரை வேலையே வாலைப் பாக்கிறதுதான். எனக்குப் பழகிப்போச்சு. உங்களுக்குத்தான் புதுசு."

கேதீஸ்வரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஜஸ்ரினுக்கு வாய் கொடுத்தால் அது மத்தியானத்துக்குள் கொட்டகை முழுக்கச் சுற்றிவரும்.

வேறு நாளென்றால் இதைப் பகிடியாக எடுத்திருப்பான். ஆனால் அடுத்த கிழமை சிவகௌரி உதவிப் பயிற்றுநராக ஒருவரை எடுக்கப்போகிறார். ஒரே ஓர் இடம். அவனா, சாருஜாவா என்பது எல்லோருக்கும் தெரியும். கம்பஸில் பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டபிறகு சொந்த ஊரான உரும்பிராயில் அவனுக்குப் பெயரே மாறிப்போனது. கேதீஸ்வரன் என்று யாரும் சொல்வதில்லை. 'கம்பஸை விட்டவன்' என்றால்தான் விளங்கும். இரவில் துறைமுகத்து ஐஸ் தொழிற்சாலையில் வேலை, பகலில் பறப்பு என்று அவன் ஓடித்திரிவது அந்தப் பெயரைத் துடைக்கத்தான். பயிற்றுநர் என்றால் படிப்பிக்கிற ஆள். படிப்பிக்கிற ஆளைப் படிப்பை விட்டவன் என்று எவனும் சொல்லமுடியாது. தகப்பனுக்கும் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தான். தகப்பன் வெங்காயப் பாத்தியை விட்டுத் தலையைத் தூக்காமல் "பாப்பம்" என்றார்.

இப்போது பெயர் கீழே இருக்கிறது.

சாருஜா உடுவிலிலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். தலைக்கவசத்தைக் கழற்றுமுன்னமே சிரிப்பு வந்துவிடும் அவளுக்கு. அவனுக்கு அவளிடம் பிடிக்காத விஷயங்களில் அது முதலாவது. யாரையும் வெறுப்பதற்கு அவள் இடமே வைப்பதில்லை.

"அண்ணை, சாப்பிட்டனீங்களோ? அம்மா ரோல்ஸ் தந்துவிட்டவ. வேலையாலை நேரை வந்திருப்பியள் எண்டு சொன்னவ."

"பசிக்கேல்லை."

பசித்தது. அவளுடைய தாய்க்குக்கூட அவனுடைய வேலை நேரம் தெரிந்திருக்கிறது என்பதில் பசி எரிச்சலாக மாறியது.

அவள் சுவரைப் பார்த்தாள். சிரிப்புச் சுருங்கியது. "முன்னாலை விடச்சொல்லி நான் மிஸ்ஸிட்டைக் கேக்கேல்லை அண்ணை."

"நான் உம்மட்டை ஒண்டும் கேக்கேல்லையே."

"இல்லை, சும்மா சொன்னனான்."

"சும்மா சொல்லத் தேவையில்லை."

இரண்டு வருடத்துக்கு முன் இவள் வந்து சேர்ந்த புதிதில் பறப்பதற்குப் பயப்படவில்லை. தரையில் ஓட்டத்தான் பயந்தாள். கொட்டகையிலிருந்து ஓடுபாதைக்குப் போகிற தரைவழியில் திரும்பும் இடமெல்லாம் நடுங்கினாள். அந்தத் தரைவழி ஓடுபாதையைத் தொடுமுன் மஞ்சள் கோடுகள் குறுக்கே கிடக்கும். பக்கத்தில் சிவப்புப் பலகை நிற்கும். கட்டுப்பாட்டுக் கோபுரம் அனுமதி தராமல் அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் இறங்குகிற விமானத்துக்கு முன்னால் போய் நிற்பாய். வானத்தில் விடுகிற எத்தனையோ பிழைகளுக்குத் திருத்த நேரம் உண்டு. இதற்கு இல்லை. சாருஜாவுக்குக் கனவிலும் அந்தக் கோடு வந்தது. அழுதுகொண்டு நின்றவளுக்குக் கேதீஸ்வரன்தான் ஒரு வழி சொல்லிக்கொடுத்தான்.

"கிட்டப் போகேக்கை வாய்விட்டுச் சொல்லும். கோடு, பலகை, வானம், அனுமதி. ஒவ்வொண்டையும் கண்ணாலை பாத்தாப் பிறகு மட்டும் சொல்லும். நாலும் சொல்லி முடியாமல் பிரேக்கிலை இருந்து காலை எடாதையும்."

அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். கொழும்பிலிருந்து பரிசோதிக்க வந்தவர் அவளோடு ஏறி, அவள் சொல்வதைக் கேட்டு, இறங்கி வந்து சிவகௌரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றிலிருந்து அது 'சாருஜாவின்ரை முறை' ஆகிவிட்டது. புதிதாக வந்த பிள்ளைகள் எல்லாம் அதைத்தான் சொல்கிறார்கள். கேதீஸ் அண்ணை சொல்லித்தந்தது என்று சாருஜா அன்றைக்கே சொன்னாள்தான். தேத்தண்ணிக் கோப்பைகளின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் தரம் அவள் சொல்லவில்லை. அதை அவன் மறக்கவில்லை.

அவன் அந்த நாலு சொல்லையும் விட்டு வெகுகாலம். பழகினவனுக்கு வாய்ப்பாடு எதற்கு?

இருவரும் விமானங்களைச் சுற்றிப் பார்த்து, ஏறி, எஞ்சினைத் தொடக்கினார்கள். சோடியாகப் போகும்போது அந்தப் பள்ளியில் ஒரு வழமை இருந்தது. தரைவழியில் நகர, முன்னால் போகிறவரே இரண்டு விமானத்துக்கும் சேர்த்து அனுமதி கேட்பார். பின்னால் வருகிறவர் பேசாமல் பின்தொடர்வார். அந்த வழமை மஞ்சள் கோடு வரைக்கும்தான். கோட்டில் அவரவர் நிற்கவேண்டும், அவரவர் அனுமதிக்குக் காத்திருக்கவேண்டும். இத்தனை காலமும் முன்னால் போனவன் கேதீஸ்வரன். முன்னால் போகிறவன் கோட்டில் நிற்பான், கேட்பான், கிடைத்ததும் போவான். பின்னால் வந்தவள் தன்பாட்டில் நின்றுகொண்டாள். பின்னால் வருவது என்றால் என்னவென்று அவன் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

கோபுரத்தில் அன்று கடமையில் இருந்தவர் சந்தியோகு. வானொலியில் பேச்செல்லாம் ஆங்கிலத்தில், உப்புச்சப்பில்லாமல் இருக்கும். ஆனால் சாருஜாவுக்கு மறுமொழி சொல்லும்போது சந்தியோகு முன்னுக்கு ஒரு காலை வணக்கத்தைச் சேர்த்துக்கொண்டார். கேதீஸ்வரனுக்கு அவர் ஒருநாளும் வணக்கம் சொன்னதில்லை. தலைக்கருவிக்குள் அந்த வணக்கம் அவனுடைய காதிலும் வந்து விழுந்தது.

நீலவால் நகர்ந்தது. சிவப்புவால் பின்னால் நகர்ந்தது.

காலை வெயில் பக்கவாட்டில் இருந்தது. தூரத்தில் காங்கேசன்துறைப் பழைய சீமெந்து ஆலையின் புகைபோக்கி தெரிந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. தரைவழியின் ஓரத்துப் பலகைகளைப் பார்க்கவில்லை. அவன் பார்த்தது நீலவாலை மட்டும்தான். திருப்பத்தில் அவள் வேகத்தைக் குறைத்ததைப் பார்த்தான். தேவைக்கு மேலே குறைக்கிறாள் என்று நினைத்தான். நடுக்கோட்டில் முன்சில்லு ஓடுவதைப் பார்த்தான். ஒருமுறையாவது விலகாதா என்று பார்த்தான். விலகவில்லை. சிவகௌரி கொட்டகைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். இப்படி ஓட்டுகிறவளுக்குத்தான் கொடுப்பார். கொடுத்தபிறகு இவள் வந்து, அண்ணை, நான் கேக்கேல்லை அண்ணை என்பாள்.

நீலவால் கோட்டில் நின்றது. அவள் இப்போது உள்ளே இருந்து நாலு சொல்லையும் சொல்லிக்கொண்டிருப்பாள். அவனுடைய நாலு சொல்.

சென்னையிலிருந்து வரும் பயணிகள் விமானம் இறங்குவதற்கு நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குமுன் ஒரு சின்ன விமானத்தை அனுப்ப நேரம் இருந்தது. ஒன்றைத்தான். சந்தியோகு சாருஜாவுக்கு உடனே ஓடுபாதையில் ஏறிப் புறப்பட அனுமதி கொடுத்தார். சிவப்புவாலைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கச் சொன்னார். சொன்னதைத் திருப்பிச் சொல்வது விதி. கேதீஸ்வரன் தெளிவாக, ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னான்: கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன்.

நீலவால் கோட்டைத் தாண்டி ஓடுபாதையில் ஏறியது. அங்கே திரும்பி நேராகும்போது முன்சில்லு நடுக்கோட்டிலிருந்து கொஞ்சம், ஒரு சாண் அளவுக்கு விலகியது.

அவனுக்கு உள்ளே குளிர்ந்தது. பாத்தியோ! மிஸ் பாத்திருப்பா. கட்டாயம் பாத்திருப்பா. அவள் திருத்துகிறாளா இல்லையா என்று பார்க்கவேண்டும் போல இருந்தது. இன்னும் கொஞ்சம் கிட்டப் போனால் வடிவாகத் தெரியும். அப்படி அவன் முடிவெடுத்தான் என்று சொல்லமுடியாது. அவனுடைய கால் பிரேக்கை விட்டது, நீலவால் போன பாதையில் சிவப்புவால் உருண்டது, அவ்வளவுதான். சாருஜா சில்லை நேராக்கி, எஞ்சினைக் கூட்டி ஓடத் தொடங்கினாள். அவன் கண் அந்த வாலோடு ஓடியது.

"சிவப்புவால், நில்! உடனே நில்!"

சந்தியோகுவின் குரலில் அப்படி ஒரு சத்தத்தை அவன் முன்பு கேட்டதில்லை. இரண்டு காலாலும் மிதித்தான். விமானத்தின் மூக்கு கீழே குத்தி எழுந்தது. குனிந்து பார்த்தான். மஞ்சள் கோடு முன்னால் இல்லை. தலையைத் திருப்பினான். அது அவனுக்குப் பின்னால் கிடந்தது. விசிறி ஓடுபாதையின் விளிம்புக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது.

பிறகு சென்னை விமானத்துக்குக் கட்டளை போனது: இறங்கவேண்டாம், மேலே ஏறு. அதை அவன் கேட்டான். பார்க்கவும் செய்தான். இடதுபக்க வானத்தில் சில்லுகளைத் தொங்கவிட்டபடி, இரண்டு விளக்குகளோடு, வீடளவு பெரிதாக வந்துகொண்டிருந்தது அது. மூக்கு உயர்ந்தது. எஞ்சின்கள் அலறின. அவனுடைய தலைக்கு மேலால் போனபோது சிவப்புவால் முழுக்க நடுங்கியது. யன்னல்களில் முகங்கள் இருந்திருக்கும். பொதி நிறையச் சேலையோடும் கோயில் பிரசாதத்தோடும் வருகிற சனம்.

அவனுடைய கை வானொலிப் பொத்தானைத் தேடியது.

கொட்டகையின் பின் அறையில் சிவகௌரி கதிரையில் இருக்கவில்லை. நின்றார். சாருஜா கடலுக்கு மேலே கொஞ்சநேரம் சுற்றவிடப்பட்டு, இறங்கி, மூச்சு வாங்க உள்ளே வந்தாள். தலைமயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது. எல்லாவற்றையும் வானொலியில் கேட்டிருந்தாள்.

"நிக்கிறன் எண்டு உம்மடை வாயாலை சொல்லியிருக்கிறீர் கேதீஸ்," என்றார் சிவகௌரி. "கோபுரத்திலை பதிவு கிடக்கு. நானும் இஞ்சை நிண்டு கேட்டனான். வாய் நிக்கிறன் எண்டு சொல்லுது. சில்லு போகுது. என்னண்டு?"

அவன் நிலத்தைப் பார்த்தான்.

"இரவு நித்திரை இல்லையோ? ஐஸ் கொம்பனியாலை நேரை வந்தனீரோ?"

அது கதவு திறப்பதுபோல இருந்தது. ஓம் என்றால் போதும். களைப்பு என்றால் சனம் இரங்கும். அவன் வாயைத் திறக்குமுன் சாருஜா முந்திக்கொண்டாள்.

"மிஸ், என்ரை பிழையும் இருக்கு."

"என்ன பிழை?"

"ஓடுபாதையிலை ஏறேக்கை எங்கடை மற்றச் சனலிலை, வாங்கோ அண்ணை எண்டு சொல்லிப்போட்டன். பழக்கத்திலை. அதாலை குழம்பியிருப்பார்."

பள்ளி விமானங்கள் தங்களுக்குள் கதைக்க வேறொரு அலைவரிசை வைத்திருந்தன. அங்கே நடப்பது எங்கும் பதிவாவதில்லை. சிவகௌரி கேதீஸ்வரன் பக்கம் திரும்பினார்.

"சொன்னவவோ?"

சொல்லவில்லை. அந்த அலைவரிசையில் அன்று முழுக்க ஒரு சத்தமும் வரவில்லை. சாருஜா பொய் சொல்கிறாள். அவனுக்காகச் சொல்கிறாள்.

அவன் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவனுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரிந்தது. தலையை ஆட்டினால் பிழை பாதியாகும். மற்றப் பாதி அவள் தலையில் விழும். ஓடுபாதையில் ஏறும் நேரத்தில் பின்னால் வருகிறவனைக் கூப்பிட்டவளுக்கு யார் பயிற்றுநர் இடம் கொடுப்பார்கள்? ஒரு தலையாட்டலில் இவ்வளவு காலத்து எரிச்சலும் தீர்ந்துவிடும். கத்தியைப் பிடியோடு அவளே கையில் தந்திருக்கிறாள்.

அவனுடைய கழுத்து அசையத் தொடங்கியதும் உண்மை.

ஆனால் பிறகு என்ன நடக்கும் என்பதையும் கண்டான். ஜஸ்ரின் சொல்வான், சாருஜா அண்ணைக்காகப் பழியை ஏற்றவள் என்று. எப்படியோ உண்மை கசியும், இந்தக் கொட்டகையில் எதுதான் கசியாமல் இருந்தது. அவளுக்கு இடம் கிடைக்காவிட்டாலும் பெயர் கிடைக்கும். நல்லவள் என்ற பெயர். அவனுடைய நாலு சொல்லை எடுத்தாள், அவனுடைய முன்னிடத்தை எடுத்தாள், இனி அவனுடைய பிழையையும் எடுத்துத் தலையில் பூப்போல வைத்துக்கொள்ளப் போகிறாள். அவன் சாகும்வரைக்கும் அவளுக்குக் கடமைப்பட்டுத் திரியவேண்டும். ரோல்ஸ் வேறு சாப்பிடவேண்டும்.

அதை அவனால் தாங்கமுடியவில்லை.

"பொய் மிஸ்," என்றான். "அவ ஒண்டும் சொல்லேல்லை."

"அண்ணை..."

"நீர் பேசாமல் இரும்." சிவகௌரி பக்கம் திரும்பினான். "நித்திரையும் காரணமில்லை. நான் கோட்டைப் பாக்கேல்லை. பலகையைப் பாக்கேல்லை. இவவின்ரை வாலைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். எங்கையாவது பிழை விடுவாவோ எண்டு. விட்டா. சில்லு விலகினது. வடிவாப் பாப்பம் எண்டு கிட்டப் போயிட்டன்."

வெளியே ஜஸ்ரின் எதையோ தட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது. ஒட்டுக்கேட்கிறான் என்பது விளங்கியது.

"சில்லு விலகினதைப் பாத்தீர். உமக்கு முன்னாலை கிடந்த கோட்டைப் பாக்கேல்லை," என்றார் சிவகௌரி.

"ஓம் மிஸ்."

"அந்தப் பிளேனுக்குள்ளை எத்தினை சனம் இருந்திருக்கும்?"

"தெரியும் மிஸ்."

"தெரியாது உமக்கு." பிறகு அவர் சாருஜாவைப் பார்த்தார். அந்தப் பார்வை கேதீஸ்வரனுக்குக் கிடைத்ததைவிடக் கடுமையாக இருந்தது. "நீர் ஏன் பொய் சொன்னனீர்?"

"பாவமா இருந்தது மிஸ்."

"பாவமோ? ஒரு பிழை ஏன் நடந்தது எண்டு சரியாத் தெரிஞ்சாத்தான் அது திரும்ப நடக்காமல் பாக்கலாம். நீர் சொன்ன காரணத்தை நம்பி நான் சனலை மாத்தியிருப்பன். உவர் நாளைக்கும் வாலைப் பாத்துக்கொண்டு வந்திருப்பார். பாவம் பாத்துப் பொய் சொல்லுற ஆளிட்டை நான் எப்பிடிப் பிள்ளையளைப் படிக்க விடுறது?"

சாருஜாவின் முகத்திலிருந்து நிறம் இறங்குவதை அவன் பார்த்தான். சிரிப்புக்கென்று படைத்த முகம் அது. சிரிப்பு இல்லாதபோது அதில் ஒன்றும் மிஞ்சவில்லை.

இடம் இருவருக்கும் இல்லை என்று அடுத்த நாள் தெரிந்தது. தெற்கிலிருந்து ஒருவரைச் சிவகௌரி கூப்பிட்டுவிட்டார். கேதீஸ்வரன் அதைக் கேட்டதும் தனக்குள் சந்தோசத்தைத் தேடிப் பார்த்தான். அவளுக்கும் கிடைக்கவில்லை. இதற்குத்தானே இவ்வளவும். ஆனால் கை வைத்த இடத்தில் ஒன்றும் அகப்படவில்லை. வீட்டில் தகப்பன் "என்ன மாதிரி?" என்று கேட்டார். "இல்லை," என்றான். தகப்பன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். கம்பஸை விட்டவன் கம்பஸை விட்டவனாகவே இருந்தான்.

விசாரணை முடியும்வரை அவன் தனியாகப் பறக்கக்கூடாது. அதுவரைக்கும் சிவகௌரி ஒரு தண்டனை வைத்தார். இருவரும் ஒரே விமானத்தில் ஏறி, தரைவழியில் கோடு வரை போய், நின்று, திரும்பிவரவேண்டும். பறப்பில்லை. காலை முழுக்க அதுதான் வேலை.

"கொட்டகையிலை இருந்து கோட்டுக்கு மினிபஸ் விட்டிருக்காம்," என்றான் ஜஸ்ரின். "ஏறுங்கோ, ஏறுங்கோ, சீற் இருக்கு."

இடதுபக்கத்தில் கேதீஸ்வரன் ஓட்டினான். வலதுபக்கத்தில் சாருஜா இருந்தாள். முதல் இரண்டு சுற்றிலும் அவள் வாயிலிருந்து அந்த நாலு சொல் மட்டும்தான் வந்தது. மூன்றாவதில் யன்னலைப் பார்த்தபடி கேட்டாள்.

"நீங்கள் தலையை ஆட்டியிருக்கலாம். ஏன் ஆட்டேல்லை?"

"எரிச்சல்."

"என்ன எரிச்சல்?"

"உம்மிலைதான். வேறை ஆரிலை?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "நேர்மையா இருக்கோணும் எண்டுதான் உண்மையைச் சொன்னியள் எண்டு நினைச்சு, நான் ரெண்டு நாளா உங்களைப் பெரிய ஆளா வைச்சிருந்தன்."

"அதையும் விட்டிடும்."

"விட்டாச்சு," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "எனக்கும் உங்களிலை கொதிதான். சரியான கொதி. இண்டைக்கு ரோல்ஸ் கொண்டுவரேல்லை," என்றாள்.

இரண்டு வருடத்தில் அவள் அவனோடு கதைத்ததிலேயே அதுதான் அவனுக்கு லேசாக இருந்தது.

கோடு கிட்ட வந்தது. அவன் வேகத்தைக் குறைத்தான். நாலு சொல்லையும் அவள் சொல்ல, அவன் ஒவ்வொன்றாகப் பார்த்து உறுதிசெய்யவேண்டும் என்பது சிவகௌரியின் கட்டளை.

"கோடு," என்றாள். அவன் பார்த்தான். மஞ்சள் கோடு முன்னால், இருக்கவேண்டிய இடத்தில் கிடந்தது. விமானம் நின்றது.

"வானம்," என்றாள்.

பலகையை விட்டுவிட்டாள். கோபத்தில் மறந்துபோனாள். சாருஜா, சாருஜாவின்ரை முறையில், ஒன்றைத் தவறவிட்டாள். அவனுக்குள் அந்தப் பழைய குளிர்ச்சி ஓடிவந்தது, அதே மாதிரி, கொஞ்சமும் குறையாமல். கொட்டகைக்குப் போய் இதைச் சிவகௌரியிடம் சொன்னால் என்ன என்றுகூட வந்தது.

சென்னை விமானம் இடதுபக்கத்தில் விளக்குகளோடு இறங்கிக்கொண்டிருந்தது. அவன் பிரேக்கில் வைத்த காலை இன்னும் கொஞ்சம் அழுத்தினான்.

"பலகை," என்றான்.

அவள் ஒரு கணம் திகைத்தாள். பிறகு கழுத்தைத் திருப்பிச் சிவப்புப் பலகையைப் பார்த்தாள். "பலகை," என்று திருப்பிச் சொன்னாள். "வானம். விமானம் ஒண்டு இறங்குது. அனுமதி இல்லை."

"அனுமதி இல்லை," என்றான் அவன். "நிக்கிறன்."

நின்றான்.